பின்னால் போக இடம்

"ஞாயித்துக்கிழம வந்துருவியாம்மா?" என்று நாகூர் கனி போனில் கேட்டதற்கு மெஹராஜ் "சரி" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசித்தாள். கோவண்டியில் அவர் மகளுக்கு நிக்காஹ். பெண்கள் பக்கம் படம் எடுப்பதற்குப் போன வருஷமே அவளிடம் சொல்லி வைத்திருந்தார். இந்த நாலு மாசமாக அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சாப்பிடுகிறாயா, சரி. பிள்ளையைக் கொஞ்சம் பிடி, சரி. சிலிண்டர் நாளைக்கு வரட்டுமா, சரி. சரி என்று சொன்னால் கேட்டவர்கள் போய்விடுகிறார்கள்.

பீரோவின் மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். தூசியைத் துடைக்காமலே திறந்தாள். உள்ளே புதுக் கேமரா, முதுகில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் கிடந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டமான கறுப்பு மூடி. ஜனவரியில் குர்லாவில் ஒரு கல்யாணத்தின் நடுவில் பழைய கேமரா நின்றுபோனது. பத்து வருஷம் உழைத்தது. இனி மிரர்லெஸ் என்கிற புதுவகைக் கேமராதான் என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய லென்ஸ்கள் அதில் நேராகப் பொருந்தா. இடையில் ஒரு வளையம் போட்டுப் பொருத்தலாம், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் தடுமாறும். மங்கிய வெளிச்சம்தான் அவள் பிழைப்பே. ஆண்கள் நுழையாத அறைகளில், ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே, மணப்பெண்ணும் அவளைச் சுற்றி முப்பது பெண்களும். தாராவி, குர்லா, கோவண்டி முழுக்க அந்த அறைகளுக்குள் கேமராவோடு போக அவளை விட்டால் இன்னும் இரண்டு மூன்று பேர்தான்.

கேமராவைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு அவள் தங்கை பரீஹாவுடையது. அப்போது பரீஹாவின் வயிற்றில் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை. பிரசவத்துக்காக உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, லாத்தாவின் தோளில் நாடியை வைத்து, மொபைலில் லென்ஸ் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினாள். ஒரு இந்திக்காரன் ஒரே பூந்தொட்டியை எட்டு லென்ஸில் எடுத்துக் காட்டியதைப் பார்த்து, "இவனுக்குப் பொண்டாட்டி இல்லையா லாத்தா, தொட்டியவே எடுக்கான்," என்று சிரித்தாள். "இப்ப கேமராவ மட்டும் வாங்கு. லென்ஸ் பிள்ள பொறந்த பிறகு. நானும் கூட வாரேன்."

பிள்ளை பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. மறுநாள் பகல் பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றிய மூன்று பெண்களில் மெஹராஜும் ஒருத்தி. அன்றிலிருந்து அவள் விரல்நுனிகளில் மெல்லிய ரப்பர் உறை போட்டதுபோல ஒரு மதமதப்பு. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியான வலி ஒன்றும் இல்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் பேச்சு தொடங்கியது. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. பரீஹாவின் புருஷன் சைஃப் தங்கமானவன். சந்து திரும்பினால் அவனுடைய பை தைக்கிற பட்டறை. மெஹராஜுக்கு முப்பத்து நாலு வயது. இருபதில் அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்து, மூன்று வருஷத்தில் பிரிந்து வந்தவள். பிள்ளை நிஹாலாவுக்கு ஒரு தாய் வேண்டும். இவளுக்கு ஒரு வீடு வேண்டும். வெளியிலிருந்து ஒருத்தி வருவதைவிடப் பெரியம்மா நல்லது அல்லவா? மார்க்கத்தில் தடை இல்லை. மும்ப்ராவிலிருந்து வாப்பாவின் அண்ணன், பெரிய வாப்பா, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருகிறார், இரண்டு பேர் வாயாலும் கேட்டுக்கொண்டு தேதி வைப்பதற்கு. உம்மா முதலில் கேட்டபோது மெஹராஜ் பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள்.

லென்ஸ் வாங்க ஃபோர்ட்டுக்குப் போகிறேன் என்றதும் உம்மா, "தனியாப் போகாண்டாம். மாப்ளையக் கூட்டிட்டுப் போ," என்றாள். அதற்கும் சரி. புதன்கிழமை காலையில் சைஃபும் அவளும் சயான் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அவள் லேடீஸ் டப்பாவில் ஏறினாள். அவன் ஜெனரலில் ஏறினான். சி.எஸ்.டி.யில் இறங்கியபோது அவன் பிளாட்பாரத்தின் தூணருகே வந்து நின்றுகொண்டிருந்தான், அவள் வருகிறாளா என்று பார்க்காமல், தூணில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படித்தபடி. ஆறு வருஷமாக அவள் அவனை மாப்ள என்றும், அவன் அவளை மதினி முறையில் மைனி என்றும்தான் கூப்பிட்டு வந்திருக்கிறார்கள். நிக்காஹ் முடிந்த மறுநாள் அவனை என்னவென்று கூப்பிடுவது? இதை அவள் யோசித்துப் பார்த்தாள். விடை வராததைப் பற்றிப் பயமோ வெட்கமோ ஒன்றும் வரவில்லை. யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ யோசிப்பதுபோல இருந்தது.

போரா பஜார் பக்கத்துச் சந்தில் மாடிக்கடை. மரப்படி ஏறிப் போனால் நீளமான அறை, இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி. கவுண்டரில் இருந்த பெண் சட்டையில் சாதனா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்தாள். இவர்கள் தங்களுக்குள் பேசியதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"தமிழா? நானும்தான். மாட்டுங்கா. சொல்லுங்கோ, என்ன ஷூட் பண்றேள்?"

"கல்யாணம். லேடீஸ் சைடு மட்டும்."

"வாவ். கேமரா பாடி கையில இருக்கா, இல்ல பாடியும் சேத்துப் பாக்கணுமா?"

"பாடி இருக்கு," என்றாள் மெஹராஜ். பக்கத்தில் நின்ற சைஃப் சட்டென்று நகர்ந்து, படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். அந்தச் சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலைப்பொழுது முழுக்க அவன் கேட்டிருந்தான்.

கல்யாணக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது இருபத்துநாலு–எழுபது ஜூம்தான் என்று சாதனா எடுத்து வைத்தாள். மெஹராஜ் மாட்டிப் பார்த்தாள். கனம். நாள் பூராவும் கழுத்தில் தொங்கினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. தவிர, அதைவிட வெளிச்சத்தை அள்ளுகிற லென்ஸ் வேண்டும். ஃபிளாஷ் அடித்தால் ஜரிகை எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போகும், மணப்பெண் பயந்த முகமாக விழுவாள். "அப்போ ப்ரைம்தான். தர்ட்டி ஃபைவ் இல்லேன்னா எய்ட்டி ஃபைவ். ரெண்டும் ஜூம் பண்ணாது, நீங்கதான் முன்னாடி பின்னாடி போகணும்," என்று இரண்டையும் துணிமேல் வைத்தாள். ஒன்று குட்டையாக, ஒன்று தடித்து. "சும்மா சுவரைப் பாத்தா தெரியாது. உங்க ஹஸ்பெண்டை அப்படியே அங்கயே நிக்கச் சொல்லுங்கோ, அவரைப் பாருங்கோ."

மெஹராஜ் அவளைத் திருத்தாமல் லென்ஸைக் கையில் எடுத்தாள். சைஃப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

முதலில் முப்பத்தைந்து. சைஃப் தெரிந்தான். அவனோடு மின்விசிறி, அடுக்கிய அட்டைப்பெட்டிகள், படியேறி வரும் ஒரு கிழவரின் வழுக்கை, ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் ஈரத்துணி, எல்லாமே உள்ளே வந்துவிட்டன. அந்தப் பொருள்களுக்கு நடுவில் அவன் இன்னொரு பொருள்போல இருந்தான். பார்ப்பதற்குச் சுலபமாக இருந்தது. அவள் பத்துப் படம் எடுத்தாள்.

எண்பத்தைந்தை மாட்டியதும் கடை காணாமல் போனது. பெட்டிகள் கரைந்து வெறும் பழுப்பு நிறமாயின. அவன் முகம் மட்டும் அங்கே இருந்தது. பச்சைச் சதுரம் ஒன்று தானாக ஓடிப்போய் அவன் இடது கண்ணில் உட்கார்ந்தது. அவன் தலையைத் திருப்பியபோதும் விடாமல் கூடவே திரும்பியது. காதருகில் தாடியில் பட்டறைப் பசை ஒரு துளி காய்ந்திருந்தது. கீழிமை கனத்துத் தொங்கியது. நாலு மாசமாக அழாத கண் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் குழாயடிக் கண்ணாடியில் பார்ப்பதுதான். அவனை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததே இல்லை. உண்மையில் பதினைந்தடி தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்க முடியாத தூரம். இங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது.

அவன் உதடு அசைந்தது.

"போதும் மைனி."

லென்ஸ் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த சாதனாவின் கை நின்றது. அந்தச் சொல்லுக்கு அவளுக்கும் அர்த்தம் தெரியும். "ஸாரி," என்றாள் மெதுவாக. "நான் சும்மா... ஸாரி."

"பரவாயில்ல," என்றாள் மெஹராஜ். "முப்பத்தஞ்சையே குடுங்க."

"எய்ட்டி ஃபைவ் பிடிச்சாப்ல தோணித்தே?"

"பிடிச்சிருக்கு. ஆனா அதுக்குப் பின்னால போகணும்லா. எங்க வீடுகள்ல ரெண்டு எட்டு பின்னால வச்சா செவுரு இடிக்கும்."

"எங்காத்துலயும் அதே கதைதான்," என்று சாதனா சிரித்தாள். பிறகு சிரித்தது சரியா என்று தெரியாததுபோல பில் புத்தகத்தைக் குனிந்து தேடினாள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சைஃப் ஒரு டீக்கடை முன்னால் நின்றான். அவளைக் கேட்காமலே இரண்டு கட்டிங் சாயா சொன்னான். வெயில். பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பின. கேமராப் பையை அவள் இரண்டு பாதங்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம பெரிய மாமா வாராவ," என்றான்.

"ம்."

"நீங்க சரின்னு சொல்லிட்டீயன்னு மாமி சொன்னாவ."

"சொன்னேன்."

"யோசிச்சா சொன்னீய?"

"இல்ல," என்றாள். "நீங்க?"

அவன் கிளாஸுக்குள் பார்த்தான். "இப்ப இந்தக் கடக்காரன் இன்னொரு சாயா வேணுமான்னு கேட்டா சரிம்பேன். அப்படித்தான் சொன்னேன்." ஒரு வாய் குடித்துவிட்டு, "பிள்ளைய நெனச்சா சரின்னு தோணுது. உங்கள..." என்று நிறுத்தினான்.

"என்னைய?"

"உங்க மொகம் அவ மொகம்தான் மைனி. எல்லாரும் அது நல்லதுங்காவ. எனக்கு..." கையைத் தூக்கி, என்ன சொல்வதென்று தெரியாமல், கிளாஸை மரப்பலகையில் வைத்தான். "நான் வேண்டாம்னு சொன்னா உங்களக் கேவலப்படுத்துன மாதிரி ஆயிரும். அதான் சொல்ல முடியல."

டீயின் சூடு விரலுக்கு வந்து சேர்ந்தபோது பாதி குடித்து முடித்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே ரயிலில் வேறு வேறு டப்பாவில் திரும்பி வந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பெரிய வாப்பா அத்தர் மணக்க வந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டிலில் அவர். பிளாஸ்டிக் நாற்காலியில் சைஃப். தரையில் உம்மா, மடியில் பிள்ளை. மெஹராஜ் அடுப்பு மேடையோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். பெரிய வாப்பா பரீஹாவுக்காக துஆ செய்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர், இவர்கள் வாப்பா மௌத்தான பிறகு இரண்டு பெண்களுக்கும் அவர்தான் முன்னின்று செய்தவர். முதலில் சைஃபைக் கேட்டார். சைஃப் தலைகுனிந்து, "மைனி சொல்லுதது எதுவோ அது," என்றான்.

"அப்பம் சரி. ஏம்மா மெஹராஜ்?"

அவள் பேசவில்லை. பெரிய வாப்பா லேசாகச் சிரித்து, "சரி, சம்மதம்தான்," என்று உம்மா பக்கம் திரும்பினார்.

நூற்றுக்கணக்கான நிக்காஹ்களில் அவள் மணப்பெண்ணின் பக்கத்தில் கேமராவோடு நின்றிருக்கிறாள். சாட்சிகள் வந்து கேட்கும்போது முதல்கல்யாணப் பெண் வாய் திறக்காமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கனவே ஒருமுறை கட்டிக்கொடுத்தவள் என்றால் அப்படி இல்லை. அவள் வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். பெரிய வாப்பாவுக்கும் அது தெரியும், பாசத்தில் மறந்திருப்பார்.

"இல்ல பெரிய வாப்பா," என்றாள்.

"என்னம்மா?"

"சம்மதம் இல்ல."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. உரக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை. காய்கறிக்காரனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்கிற குரல். உம்மா நிமிர்ந்தாள். "ஏட்டி, என்ன பேசுத? அன்னைக்குச் சரின்ன?"

"அன்னைக்கு எது கேட்டாலும் சரின்னேன் உம்மா."

"அப்பம் இந்தப் பிள்ள? நாளைக்கு இவரு வேறொருத்தியக் கெட்டுனா அவ கையிலயா வளரணும்?"

"நான் வளக்கேன். இப்ப வளக்கலியா? அதுக்கு நிக்காஹ் எதுக்கு?"

"ஊரு என்ன பேசும் தெரியுமா?" என்றார் பெரிய வாப்பா.

"நான் தெனம் சாயங்காலம் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போறேன் மாமா," என்றான் சைஃப். தலையைத் தூக்காமலேதான் சொன்னான். "இப்ப வாரது மாதிரியே. மைனி மேல குத்தம் ஒண்ணும் இல்ல. எனக்கும் இப்ப முடியாது." கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது. முழங்கையை முழங்காலில் ஊன்றி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்கக் கூடாது என்பதுபோலப் பெரிய வாப்பா சுவர் காலண்டரைப் பார்த்தார். உம்மா பிள்ளையைத் தட்டிக்கொண்டே இருந்தாள், பிள்ளை அழாதபோதும். மெஹராஜ் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்துவிட்டு வந்து அதே இடத்தில் நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தால் நன்றாக இருக்கும். வரவில்லை.

"ஒரு வருஷம் போகட்டும். பெறகு பேசுவோம்," என்று, தானே எடுத்த முடிவுபோலச் சொல்லிவிட்டு, பெரிய வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் உம்மா அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் நேரத்துக்குத் தட்டில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவண்டியில், ஏழு மாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. நாகூர் கனியின் வீட்டில் உள்ளறைக்குள் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகை, பவுடர், வியர்வை. புது லென்ஸில் மணப்பெண்ணின் முகம் வேண்டுமென்றால் அவளுடைய மூச்சுக்காற்று படுகிற தூரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மெஹராஜ் போனாள். யார் மடியிலோ முழங்கால் பட்டது. யாரோ அவள் முந்தானையை மிதித்தார்கள். பெண்ணின் சாச்சி கொலுசைக் கடித்துத் திருகு இறுக்கியதை எடுத்தாள். ஒரு குமரி கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டதை எடுத்தாள். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. படங்கள் நன்றாக வந்திருந்தன; அதைப் பார்த்து சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, நன்றாக வந்திருக்கின்றன என்று மட்டும் தெரிந்தது.

பெண்ணின் உம்மா சாயிமா தட்டில் பிரியாணியோடு வந்து அவள் கையைப் பிடித்தாள். "தின்னுட்டு எடு. காலையிலருந்து நிக்க." பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, "பரீஹாவப் பாத்த மாதிரியே இருக்கு. எப்படிம்மா போச்சு அந்தப் பிள்ள?" என்று கேட்டாள்.

கிட்டத்தில் போனால் யாராவது கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். "ரத்தம் நிக்கல மாமி," என்றாள். சுற்றியிருந்த நாலைந்து பெண்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். "பன்னெண்டு பாட்டில் ஏத்துனாவ. நிக்கல. கடேசியில குளிருது லாத்தான்னா. நான் காலத் தேச்சுக்கிட்டே இருந்தேன்." இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உம்மாவிடம்கூட. சாயிமா அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். அந்தக் கையில் மருதாணி இன்னும் ஈரமாக இருந்தது. மெஹராஜின் மணிக்கட்டில் வளையம்போல ஆரஞ்சுக்கறை பதிந்தது. "தின்னு," என்றாள் மறுபடியும்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே ஒருவரும் இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், அதற்கப்பால் தேவ்நார்க் குப்பைமேட்டின் பழுப்புச் சரிவு. மேட்டுக்கு மேலே வெளுத்த வானத்தில் பருந்துகள் வட்டமடித்தன. முப்பது இருக்கும், நாற்பது இருக்கும். சிறகை அடிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக, எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு உயரத்தில். தட்டை மேடையில் வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினாள். இந்த லென்ஸுக்கு அவை எட்டாது என்று தெரிந்தேதான் எடுத்தாள். பின்திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு தண்ணீர்த்தொட்டியின் விளிம்பு, மீதியெல்லாம் வெள்ளை, நடுவில் சிதறிய கருமிளகுபோலச் சில புள்ளிகள். எது பருந்து, எது காற்றில் ஏறிய பிளாஸ்டிக் பை என்று சொல்ல முடியவில்லை.

உள்ளே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரையிலிருந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்தபோது, புள்ளிகளில் ஒன்று வட்டத்தை விட்டு விலகி, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே, கட்டடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.